பி.சி.ஓ.எஸ்.: சினைப்பையில் வெளிப்படும் வளர்சிதை மாற்றக் கோளாறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்றும் வீடுகளில் ‘நீர்க்கட்டி’ என்றும் சொல்லும் நிலை, பிள்ளைபெறும் வயதுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறு. அந்த வயதினரில் 6 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 70 விழுக்காடு வரை கண்டறியப்படாமலே இருக்கின்றனர். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது, மோவாயிலும் மேலுதட்டிலும் முடி வளர்வது, தீராத முகப்பரு, உச்சந்தலையில் முடி உதிர்வது, திருமணமாகியும் கரு நிற்காதது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்காகவே பெண்கள் மருத்துவரைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் அந்த ஒன்றுக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

அவையோரே, இச்சொற்பொழிவு நிறுவ முனையும் கருத்து ஒன்றுதான். இந்தக் கோளாறு சினைப்பையில் வெளிப்பட்டாலும், அதன் வேர் இன்சுலினும் ஆண்தன்மை ஹார்மோனான ஆண்ட்ரோஜனும் ஒன்றையொன்று தூண்டிக்கொள்ளும் உறவில் இருக்கிறது. ஆகவே ஸ்கேன் எடுப்பது, மாதவிலக்கை வரவழைப்பது, கருத்தரிக்க வைப்பது என்பதோடு மருத்துவம் நின்றுவிட்டால், அந்தப் பெண்ணின் நீண்டகால உடல்நலம் கவனிப்பாரின்றிப் போகும்.

1. வரலாறு இரண்டு தடங்களில் நடந்தது

1921இல் பாரிஸ் நகர மருத்துவர்களான சார்ல் அஷார், ஜோசப் தியேர் இருவரும் தாடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவும் சேர்ந்திருப்பதைப் பதிவுசெய்தனர். முகத்தில் வளரும் முடிக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அது முற்பட்ட சான்று. 1935இல் சிகாகோவின் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் ஆகியோர் ஏழு பெண்களைப் பற்றி எழுதினர். அவர்களுக்கு மாதவிலக்கு நின்றிருந்தது. சினைப்பைகள் பருத்து, உள்ளே சிறு பைகள் நிறைந்திருந்தன. அறுவை மூலம் சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு பகுதியை நீக்கியதும் ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது; இருவர் கருவுற்றனர்.

அந்த வெற்றி மருத்துவ உலகின் பார்வையைச் சினைப்பையிலேயே நிறுத்திவிட்டது. பிறகு பல பத்தாண்டுகள் இது மகப்பேற்று மருத்துவரின் நோயாகவே இருந்தது. இரண்டு தடங்களும் சந்தித்தது 1980இல். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பர்கன், கிவன்ஸ், கிதாப்சி ஆகியோர், இந்நிலையுள்ள பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதையும், அது ஆண்ட்ரோஜன் அளவோடு சேர்ந்தே ஏறுவதையும் காட்டினர். உடல் பருமன்தான் இதற்குக் காரணம் என்ற ஐயத்தை 1989இல் ஆண்ட்ரியா டுனைஃபும் அவருடைய குழுவினரும் தீர்த்தனர். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணின் உடல், அதே எடையுள்ள மற்றொரு பெண்ணின் உடலைவிட இன்சுலினுக்குக் குறைவாகவே பணிகிறது. ஒல்லியான பெண்களிடமும் இதைக் காண முடிந்தது.

2. சினைப்பைக்குள் நடப்பது

சினைமுட்டையைச் சுமக்கும் நுண்பை ஃபாலிக்கிள் எனப்படும். அதன் வெளிச்சுவரிலுள்ள தீக்கா செல்கள், மூளையடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனின் தூண்டுதலால் ஆண்ட்ரோஜனைச் செய்கின்றன. உட்சுவரிலுள்ள கிரானுலோசா செல்கள், எஃப்.எஸ்.எச். ஹார்மோன் தூண்ட, அந்த ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆகவே பெண்ணுடலில் ஆண்ட்ரோஜன் இருப்பது இயல்பு. ஈஸ்ட்ரோஜனுக்கு அதுதான் மூலப்பொருள். அளவு மிஞ்சுவதும் மாற்றம் தடைபடுவதுமே கோளாறு.

பி.சி.ஓ.எஸ். நிலையில், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரிக்கு அனுப்பும் ஹார்மோன் துடிப்புகள் விரைவாகின்றன. விரைவான துடிப்பு பிட்யூட்டரியை எல்.எச். பக்கம் சாய்க்கிறது; எஃப்.எஸ்.எச். போதாமல் போகிறது. தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜனை மிகுதியாகச் சுரக்கின்றன. கிரானுலோசா செல்களால் அதை முழுதும் மாற்ற முடிவதில்லை. பல ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கி 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே தேங்கிவிடுகின்றன. ஒன்று மட்டும் முந்தி வளர்ந்து முட்டையை வெளியிடும் நிகழ்ச்சி நடப்பதில்லை. ஸ்கேன் படத்தில் சினைப்பையின் ஓரத்தில் வரிசையாகத் தெரிபவை இவ்வாறு தேங்கிய ஃபாலிக்கிள்களே. ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை இருக்கிறது. அவற்றை அறுத்தெடுக்க வேண்டியதில்லை. வெடித்துவிடுமோ, புற்றாக மாறுமோ என்று இளம்பெண்கள் இரவெல்லாம் அஞ்ச வேண்டியதும் இல்லை. இந்த ஒரு செய்தியை ஸ்கேன் அறிக்கையைக் கையில் தரும்போதே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

தேங்கிய ஃபாலிக்கிள்கள் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, எஃப்.எஸ்.எச்.சின் வேலையை மேலும் மட்டுப்படுத்துகின்றன. முட்டை வெளிப்படாததால் புரோஜெஸ்டிரோன் உருவாவதில்லை. ஹைப்போதலாமஸின் துடிப்பைத் தணிக்க வேண்டியது அந்தப் புரோஜெஸ்டிரோன்தான். அது இல்லாமல் துடிப்பு விரைவாகவே தொடர்கிறது, எல்.எச். உயர்வாகவே நிற்கிறது. கருப்பையிலும் இதன் விளைவு உண்டு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருந்து புரோஜெஸ்டிரோன் இல்லாதபோது கருப்பையின் உட்படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் இப்படி விட்டால் உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடக் கூடுகிறது. இளம்வயதில் அந்தப் புற்றுநோய் அரிது என்றாலும், மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் இருப்பதை ‘தானாக வரும்’ என்று விட்டுவிடக் கூடாது.

3. இன்சுலின் எங்கே நுழைகிறது

இன்சுலின் எதிர்ப்பு என்றால் தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் இன்சுலினின் சொல்லுக்கு மந்தமாகச் செவிசாய்ப்பது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. காது மந்தமான பெரியவருக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கப் பேசினால், பக்கத்தில் நல்ல செவியோடு இருப்பவருக்கு அது இரைச்சலாகிறது அல்லவா? சினைப்பையின் நிலை அதுதான். தசையில் சர்க்கரையை உள்வாங்கச் செய்யும் வழி மந்தமாகிறது. ஆனால் சினைப்பையில் ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செய்யத் தூண்டும் வழி மந்தமாவதில்லை. மிகுந்த இன்சுலின், எல்.எச்.சோடு கைகோத்துத் தீக்கா செல்களை மேலும் ஆண்ட்ரோஜன் சுரக்க வைக்கிறது.

கல்லீரலிலும் ஒன்று நடக்கிறது. ஆண்ட்ரோஜன்களில் முதன்மையான டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கல்லீரல் செய்கிறது. இன்சுலின் மிகுந்தால் அதன் உற்பத்தி குறையும். பற்றிக்கொள்ளப்படாத டெஸ்டோஸ்டிரோன்தான் திசுக்களில் வேலை செய்வது. சுமக்கும் புரதம் குறையக் குறைய அதன் பங்கு ஏறும். மொத்த டெஸ்டோஸ்டிரோன் அளவு இயல்பாக இருந்தும் ஒரு பெண்ணுக்கு மோவாயில் முடி வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் படரும் கருமையும் இன்சுலின் மிகுதியின் அடையாளம். மிகுந்த இன்சுலின் தோல் செல்களைப் பெருகத் தூண்டுவதால் தோல் தடித்துக் கறுக்கிறது. அழுக்கு என்று எண்ணி எலுமிச்சையும் கடலைமாவும் தேய்த்துச் சலித்துப்போகும் பெண்கள் பலர். தேய்த்துப் போக்க முடியாத அந்தக் கருமை, சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளும்படி உடல் தரும் முன்னறிவிப்பு.

4. காரணம் எது, விளைவு எது

இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சேர்ந்து உயர்ந்திருப்பதை வைத்து மட்டும் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று முடிவுகட்ட இயலாது. அதற்கு வேறு சான்று வேண்டும். அது மூன்று திசைகளிலிருந்து கிடைத்தது.

இன்சுலின் ஏற்பியில் பிறவிக் குறைபாடு உள்ள பெண்கள் மிகச் சிலர் உண்டு. அவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு கடுமையாக இருக்கும்; கழுத்துக் கருமையும் மிகுந்த ஆண்ட்ரோஜனும் சேர்ந்தே காணப்படும். 1976இல் ரொனால்ட் கானும் உடன் ஆய்வாளரும் இதை விவரித்தனர். அடுத்து, 1989இல் ஜான் நெஸ்ட்லரின் குழு, பி.சி.ஓ.எஸ். உள்ள பருமனான பெண்களுக்கு டயசாக்சைடு என்ற மருந்தைத் தந்து கணையத்தின் இன்சுலின் சுரப்பை மட்டும் தணித்துப் பார்த்தது, டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. 1996இல் நெஸ்ட்லரும் டேனியலா யாகுபோவிச்சும் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினைத் தந்தபோதும் இன்சுலின் இறங்க, சினைப்பையில் ஆண்ட்ரோஜன் செய்யும் நொதியின் வேகமும் இறங்கியது. எதிர்த்திசையிலும் சோதிக்கப்பட்டது. மருந்தால் சினைப்பையின் ஆண்ட்ரோஜனை ஒடுக்கியபோது இன்சுலின் எதிர்ப்பு மாறாமல் நின்றதை டுனைஃபின் குழு 1990இல் காட்டியது.

இதனால் ஆண்ட்ரோஜனுக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. கருவிலிருக்கும்போதே மிகுந்த ஆண்ட்ரோஜனுக்கு ஆளான பெண் ரீசஸ் குரங்குகள் வளர்ந்தபின், முட்டை வெளிப்படாமையோடு இன்சுலின் குறைபாடுகளும் அவற்றிடம் தோன்றின. ஆண்ட்ரோஜன் வயிற்றுக் கொழுப்பைக் கூட்டும். வயிற்றுக் கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். அது மீண்டும் ஆண்ட்ரோஜனைக் கூட்டும். சுழற்சி எந்த இடத்தில் தொடங்கியது என்பது பெண்ணுக்குப் பெண் வேறுபடலாம். பரம்பரையும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. டச்சு இரட்டையரிடம் நடந்த ஆய்வு, இந்நிலை வரும் வாய்ப்பின் வேறுபாட்டில் சுமார் 70 விழுக்காடு மரபணு சார்ந்தது என்று மதிப்பிட்டது. ‘நீ கண்டதையும் தின்றதால் வந்தது’ என்று பெண்ணைக் குற்றம் சாட்டும் வழக்கத்துக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

5. தெற்காசிய உடல்வாகு

இங்கிலாந்தில் வாழும் தெற்காசியப் பெண்களையும் வெள்ளையினப் பெண்களையும் ஒப்பிட்டு, இலங்கையைச் சேர்ந்த சந்திரிகா விஜேரத்னவும் குழுவினரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தெற்காசியப் பெண்களுக்கு அறிகுறிகள் இளவயதிலேயே தொடங்கின, முடி வளர்ச்சியும் கழுத்துக் கருமையும் மிகுதி, வெறும்வயிற்று இன்சுலின் கூடுதல், எஸ்.எச்.பி.ஜி. குறைவு. 2008இல் இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் நடந்த கணக்கெடுப்பு 6.3 விழுக்காட்டினரிடம் இந்நிலையைக் கண்டது. இந்தியாவில் 18 முதல் 40 வயது வரையிலான பெண்களிடம் பல மையங்களில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், 1990ஆம் ஆண்டின் கடுமையான அளவுகோலின்படி 7.2 விழுக்காடும், அடுத்த பகுதியில் விளக்கப்படும் ராட்டர்டாம் அளவுகோலின்படி 19.6 விழுக்காடும் கிடைத்தன. அளவுகோல் மாறினால் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஆகவே செய்தித்தாளில் ஒரு விழுக்காட்டைப் படிக்கும்போது எந்த அளவுகோல் என்று கேட்பது நல்லது.

தெற்காசியருக்குக் குறைந்த உடல் எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 23ஐ எட்டினாலே எடை கூடுதல் என்றும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வகுத்துள்ளனர். உணவும் இதோடு சேர்கிறது. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில், மக்கள் நாள்தோறும் பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, வெள்ளை அரிசி முதலான தீட்டிய தானியங்களிலிருந்தே வருவதும், அது மிக மிக இன்சுலின் எதிர்ப்பு கூடுவதும் தெரிந்தன.

6. நோயறிதல்

2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: முட்டை வெளிப்படுவதில் ஒழுங்கின்மை, உடலிலோ இரத்தத்திலோ தெரியும் ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் பல ஃபாலிக்கிள்கள். தைராய்டு கோளாறு, புரோலாக்டின் மிகுதி, பிறவி அட்ரீனல் கோளாறு ஆகியவை இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி, வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையையும் ஏற்கிறது. மாதவிலக்கு ஒழுங்கின்மையும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் தெளிவாக இருந்தால் இரண்டும் தேவையில்லை.

பருவமடைந்த சிறுமிகள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். முதல் ஓராண்டில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. அடுத்த இரண்டாண்டுகளில் 45 நாள் வரையிலான இடைவெளியும் இயல்பே. அந்த வயதில் சினைப்பையில் பல ஃபாலிக்கிள்கள் தெரிவதும் வளர்ச்சியின் பகுதி. எனவே பருவமடைந்து எட்டாண்டுகள் ஆகும்வரை ஸ்கேனைக் கொண்டோ ஏ.எம்.எச். அளவைக் கொண்டோ பி.சி.ஓ.எஸ். என்று முடிவுசெய்யக் கூடாது என்று வழிகாட்டி சொல்கிறது. பதின்மூன்று வயதுச் சிறுமியின் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து ‘இவளுக்குக் குழந்தை பிறக்குமா’ என்று தாய் கலங்கி நிற்கும் நிலையை மருத்துவமே உண்டாக்கக் கூடாது.

7. சர்க்கரைப் பரிசோதனை

இச்சொற்பொழிவின் கருத்து நடைமுறையில் உரைத்துப் பார்க்கப்படும் இடம் இது. 1999இல் ரிச்சர்ட் லெக்ரோவும் குழுவினரும் பி.சி.ஓ.எஸ். உள்ள 254 பெண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தனர். 31.1 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை தாங்குதிறன் குறைந்திருந்தது, 7.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவே இருந்தது. பருமனற்ற பெண்களிலும் பத்தில் ஒருவருக்குத் தாங்குதிறன் குறைவு இருந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்திருந்தால் நீரிழிவுள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அகப்பட்டிருப்பார்கள்.

ஆகவே எடை எவ்வளவாக இருந்தாலும், நோய் அறியப்பட்டபோதே குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனை செய்ய வேண்டும்; பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். இரண்டாம் மணி அளவு 140க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 200ஐ எட்டினால் நீரிழிவு. இரத்த அழுத்தமும் கொழுப்பு அளவுகளும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். இந்நிலையில் டிரைகிளிசரைடு ஏறி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்கியிருப்பது வழக்கம். இரத்தத்தில் இன்சுலின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு வழக்கமான மருத்துவத்தில் இடமில்லை. அந்த அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும், மருத்துவ முடிவையும் மாற்றாது. அதற்குச் செலவிடும் பணத்தைத் தாங்குதிறன் பரிசோதனைக்குச் செலவிடலாம்.

8. மருத்துவம்

கூடுதல் எடையுள்ளவர்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீரடைகிறது, இன்சுலினும் இறங்குகிறது. எந்த ஒரு தனி உணவுமுறையும் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று நிறுவப்படவில்லை. சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பும் சுண்டலும் காய்களும் கூட்டுவது ஒரு தமிழ்க் குடும்பத்தில் நாள்தோறும் நடக்கக்கூடியது. வெளிநாட்டுப் பெயர் கொண்ட பட்டினி முறைகள் ஒரு மாதத்தில் கைவிடப்படும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடலியக்கமும், இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் எடை குறையாவிட்டாலும் பயன் தரும். தசை சுருங்கி விரியும்போது சர்க்கரையைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். ‘உடம்பைக் குறைத்துவிட்டு வா’ என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பிவிடுவது மருத்துவமாகாது.

மாதவிலக்கு ஒழுங்குக்கும் முடி வளர்ச்சிக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் மருந்தும் கலந்த மாத்திரை முதல் தேர்வு. அது எல்.எச்.சைத் தணிக்கும், எஸ்.எச்.பி.ஜி.யைக் கூட்டும், கருப்பை உட்படலத்தைக் காக்கும். முடி வளர்ச்சி மட்டுப்பட ஆறு மாதமாவது ஆகும். அதைச் சொல்லாமல் விட்டால் இரண்டாம் மாதமே மாத்திரை நிறுத்தப்படும். மெட்ஃபார்மின் சர்க்கரையையும் இன்சுலினையும் கவனிக்கும். நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால், சைவ உணவினர் அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கருத்தரிக்க விரும்புவோருக்கு லெட்ரோசோல் முதல் மருந்து. 2014இல் வெளியான 750 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினரும், அதுவரை வழக்கிலிருந்த குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோர், சிலர் மருந்தின்றியும் பலர் எளிய மருந்துகளாலும், தாயாகிறார்கள். பெண் பார்க்கும் படலத்தில் இந்நிலையை மறைக்கவும், மணமான பின் இதைச் சொல்லிப் பழிக்கவும் எந்த நியாயமும் இல்லை. மனச்சோர்வும் பதற்றமும் இப்பெண்களிடம் மிகுதி என்பது உறுதியாக அறியப்பட்டது. அதையும் கேட்டறிவது மருத்துவத்தின் பகுதி.

9. கருவுற்ற பின்னும், நடுவயதிலும்

கருவுற்ற காலத்தில் இவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவும் இரத்த அழுத்த உயர்வும் வரும் வாய்ப்பு மிகுதி. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை 2007இல் அரசாணையாக்கிய மாநிலம் தமிழ்நாடு. அதற்கு அடித்தளமிட்டது சென்னையில் மருத்துவர் வி. சேஷையாவின் பணி. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு அந்தப் பரிசோதனையைக் கருவுறுவதற்கு முன்போ, கருவுற்ற தொடக்க வாரங்களிலோ செய்ய வேண்டும். இயல்பாக இருந்தால் 24 முதல் 28ஆம் வாரத்தில் மறுபடியும் செய்ய வேண்டும்.

முப்பதுகளின் இறுதியில் பலருக்கு மாதவிலக்கு தானாகவே ஒழுங்குக்கு வரும். வயதாக ஆக ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கையும் ஏ.எம்.எச். அளவும் இறங்குவதே அதற்குக் காரணம். குழந்தையும் பிறந்து, மாதவிலக்கும் சீராகிவிட்டதால் நோய் போய்விட்டது என்று கருதி அப்போது பலர் மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடுகிறார்கள். இன்சுலின் எதிர்ப்பு அந்த வயதில் குறைவதில்லை. நீரிழிவும் இதய நோயும் தலைகாட்டும் வயதும் அதுவே. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றின் பரிசோதனையும் மாதவிடாய் நின்ற பிறகும் தொடர வேண்டும். குடும்ப மருத்துவரிடமோ நீரிழிவு மருத்துவரிடமோ செல்லும் நடுவயதுப் பெண், இளவயதில் தமக்கு நீர்க்கட்டி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் மருத்துவர் கேட்க வேண்டும்.